கதையும் காரியமும்

வங்கியில் கடன் கேட்டுப் போகிறவரின் பத்திரக் கட்டு மேனேஜர் மேஜையில் அதிக நேரம் தங்காது. அன்றைக்கோ மறுநாளோ என்னைப் போன்ற ஒரு வக்கீலின் ஆபீசுக்கு வந்துவிடும். "லீகல் பாத்துக் குடுங்க சார்" என்று ஒரு வரி, அதுதான் எங்களுக்கு வரும் உத்தரவு. கட்டைப் படித்து, இந்தச் சொத்து இவருக்குத்தான் பாத்தியமா, அடமானம் வாங்கினால் நாளைக்கு வேறு யாராவது உரிமை கேட்டு வந்து நிற்பார்களா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தென்காசியில் சிவில் வழக்குகளோடு சேர்த்து இந்த வேலையையும் நெடுநாளாகப் பார்த்துவருகிறேன். வக்கீல் என்றால் வாயால் பிழைக்கிறவர் என்று ஊரில் பேச்சு. என் பிழைப்பில் பெரும்பகுதி நாற்காலியில் உட்கார்ந்து வாய் திறக்காமல் படித்ததில்தான் நடந்திருக்கிறது.

கட்டில் என்ன இருக்கும்? இன்றைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், நடுவில் ஒரு பாகப்பிரிவினை, ஒரு விடுதலைப் பத்திரம், யாரோ காலமானதற்கு இறப்புச் சான்று, பட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது. சொத்துக்காரர் இவற்றை பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார், ஆனால் படித்திருக்க மாட்டார். பதிவு அன்றைக்குத் தன் பெயரையும் தொகையையும் பார்த்திருப்பார், போட்டோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்திருப்பார், அவ்வளவுதான். ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய ஒன்றைப் பற்றி எழுதியிருக்கும் நாலு பக்கத்தைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமும் கிடையாது. கல்லூரிப் பேராசிரியர்கள் கொண்டுவந்த கட்டுகளிலும் இதே கதைதான்.

என் சீனியர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் தலைப்பைப் படிக்காதே என்பது. பத்திரத்தை என்னிடம் நீட்டும்போதே முதல் வரியின் மேல் ஒரு மர ஸ்கேலை வைத்து மறைத்துவிடுவார். "உள்ள படிச்சுட்டு இது என்ன பத்திரம்னு நீரு சொல்லும்வே" என்பார். அப்போது இது வயதானவரின் விளையாட்டு என்று தோன்றியது. கிரயம் என்றால் கிரயம் என்று எழுதியிருக்குமே, அதைப் போய் ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு தகப்பனார் மகனுக்கு எழுதிக்கொடுத்ததைப் பாருங்கள். தலைப்பில் தான செட்டில்மென்ட் பத்திரம் என்று இருக்கும். பதிவும் ஆகியிருக்கும். உள்ளே ஒரு பத்திரம் இப்படிப் போகும்: சொத்தை இன்று முதல் உனக்கு உரிமையாக்கி விட்டேன், என் ஜீவியம் வரை அதன் வருமானத்தை மட்டும் நான் அனுபவித்து வருவேன். இன்னொரு பத்திரம் இப்படிப் போகும்: என் ஜீவியம் வரை சொத்தை நானே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து வருவேன், என் ஆயுளுக்குப் பின் நீ அடைந்துகொள்ள வேண்டியது, இடையில் இதை மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு அதிகாரம் உண்டு. இரண்டையும் வேகமாக வாசித்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், அப்பா இருக்கும் வரை அப்பாவுக்கு, அப்புறம் மகனுக்கு என்று. ஆனால் முதலாவதில் உரிமை அன்றைக்கே கைமாறிவிட்டது, தகப்பனார் வைத்துக்கொண்டது அனுபோகம் மட்டும். இரண்டாவதில் எதுவுமே கைமாறவில்லை. தலைப்பு என்ன சொன்னாலும் அது உயில். தகப்பனார் மறுநாளே வேறு ஒருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். அந்த மகன் அப்பா உயிரோடு இருக்கும்போதே அந்தச் சொத்தை வைத்துக் கடன் கேட்டு வந்தால், அவர் கையில் இருப்பது வெறும் எதிர்பார்ப்பு. கோர்ட்டுகளும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன: பெயரைப் பார்க்காதே, உள்ளே இருக்கும் வாசகம் என்ன செய்கிறது என்று பார்.

ஸ்கேல் வைத்ததற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. தலைப்பைப் பார்த்துவிட்டால் மனசு அதையே உள்ளேயும் தேடும், 'ஆயுளுக்குப் பின்' என்ற இரண்டு சொல்லைக் கண் தாண்டிப் போய்விடும்.

பழைய பத்திரங்களைப் படிப்பதில் இன்னொரு கஷ்டம் உண்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். புள்ளி இல்லை, கமா இல்லை. 'என்னவென்றால்' என்று தொடங்கினால் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்பதில்தான் மூச்சு விடுவார்கள். நடுவில் பெயர்கள், தேதிகள், பழைய கடன்கள், சாகுபடி விவரம் எல்லாம் வந்து போகும். முதல் சொல்லிலிருந்து வரிசையாகப் படித்தால் பாதி வழியில் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதே தொலைந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது? அதனால் முதலில் கடைசிக்குப் போய் வினைச்சொல்லைப் பிடிக்க வேண்டும். கொடுத்தேனா, கொடுக்கச் சம்மதித்தேனா, பெற்றுக்கொண்டேனா, பெற்றுக்கொள்வதாகவா? பிடித்த பிறகு பின்னோக்கி வந்து எதை, யாருக்கு, யார் என்று கேட்டுக்கொண்டே போனால் வாக்கியம் தானாக அவிழும். 'கொடுத்தேன்' என்பதற்கும் 'கொடுக்கச் சம்மதித்து' என்பதற்கும் நடுவில் ஒரு சொத்தே இருக்கிறது. 1882-ம் வருடச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவு சொல்வதும் இதைத்தான்: கிரய உடன்படிக்கை சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது.

இதோடு 'மேற்படி' என்று ஒரு தொல்லை. பழைய கையெழுத்தில் ௸ என்று ஒரே குறியாகப் போட்டிருப்பார்கள். மேற்படி சொத்தை மேற்படியார் மேற்படி கடனுக்காக என்று வரும்போது, மேலே மூன்று பேர், இரண்டு சொத்து, ஒரு கடன் இருந்தால் எந்த மேற்படி எது? ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு மேற்படியின் தலையிலும் பென்சிலால் ஆளின் பெயரை எழுதிவிடச் சொல்வார் சீனியர். எழுத முடியாத இடம் ஒன்று வரும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

எங்கள் ஆபீஸில் இரண்டு சொற்கள் தினமும் புழங்கும்: கதை, காரியம். பத்திரத்தில் உள்ள வாக்கியங்களை இந்த இரண்டு குவியலாகப் பிரித்துவிடுவோம். 'இன்று உமக்குக் கிரயம் கொடுத்துச் சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டேன்' என்பது காரியம். அந்த வாக்கியம் எதையோ செய்கிறது. 'இந்தச் சொத்து எனக்குப் பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டு, என் சுவாதீன அனுபோகத்தில் இருந்து வருவது' என்பது கதை. அதைச் சொல்பவர் விற்கிறவர். அவர் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. அவரும் அவர் வழி வந்தவர்களும் பின்னால் அதை மறுக்க முடியாமல் போகலாம், ஆனால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத அவருடைய தங்கையை அந்தக் கதை ஒன்றும் செய்யாது. கதை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்க வேண்டும். 1978 பத்திரம் '1954-ல் என் தகப்பனார் கிரயம் பெற்ற சொத்து' என்று சொன்னால், 1954 பத்திரம் எங்கே?

கதை என்பதால் அலட்சியமாகத் தாண்டிவிடவும் கூடாது. சம்பிரதாய வாசகம் என்று எல்லோரும் ஒதுக்குகிற இடத்தில்தான் சில சமயம் முழு எடையும் இருக்கும். 'குடும்ப அவசியச் செலவுக்காகவும், முன் கடன் பைசல் செய்வதற்காகவும்' என்று ஒரு வரி பல பழைய கிரயங்களில் வரும். ஏதோ அலங்காரம் என்று தோன்றும். கூட்டுக் குடும்பத்தின் கர்த்தா, மைனர் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துக் குடும்பச் சொத்தை விற்க வேண்டுமானால் குடும்ப அவசியம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். அதைப் பதிவுசெய்கிற வரி அது. அந்த வரி இல்லாத பத்திரம் வந்தால், அப்போது வீட்டில் மைனர் யாராவது இருந்தார்களா என்று கேட்பேன். அதுவே மைனருக்கென்று தனியாக உள்ள சொத்தை அப்பாவோ அம்மாவோ கார்டியனாக நின்று விற்றிருந்தால் கதை வேறு. 1956-ம் வருட இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி முன்கூட்டியே கோர்ட் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்காவிட்டால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு 3 வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம்.

என்னிடம் ஒரு ஜூனியர் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரப் பெண். போட்டித் தேர்வுகளுக்குப் படித்துப் பழகியவர், பத்தியைக் கொடுத்தால் கண்மூடித் திறப்பதற்குள் சாரத்தைச் சொல்லிவிடுவார். நாலு பக்கப் பத்திரத்தை வாசித்துவிட்டு, "இன்னார் இன்னாருக்கு 42 சென்ட் வித்திருக்கார் சார், தொகை வாங்கியாச்சு, வில்லங்கம் இல்லைன்னு உறுதி சொல்லியிருக்கார்" என்றார். சாரம் சரிதான். ஆனால் பத்திரம் சாரம் சொல்லி முடித்துவிடுகிற சாமான் இல்லை. சொத்து விவரத்தைக் காட்டி, "செக்குபந்தியைப் படம் போடும்மா" என்றேன்.

செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை, இப்படி இருந்தது: ஊராட்சிப் பாதைக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, கோவில் நிலத்துக்குக் கிழக்கு, கோனார் தோப்புக்கு மேற்கு, இதற்கு உட்பட்ட 42 சென்ட். அவர் ஒரு சதுரம் போட்டார். தெற்கே பாதை, வடக்கே வாய்க்கால், கிழக்கே கோவில் நிலம், மேற்கே கோனார் தோப்பு என்று நாலு பக்கமும் மளமளவென்று எழுதினார். "சரியா இருக்கா சார்?"

"பாதைக்குத் தெற்குன்னா, எது தெற்கு?"

கொஞ்ச நேரம் படத்தையும் பத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாதைக்குத் தெற்கே நம் நிலம் என்றால், நம் நிலத்துக்குப் பாதை வடக்கே. முழுப் படமும் தலைகீழ். ரப்பரை எடுத்து அழித்துவிட்டு மறுபடி போட்டார். சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, படம் போட்டதும் கேள்வி தானாக வந்துவிட்டது. படிக்கும்போது புரிந்துவிட்டது என்று நம்மை ஏமாற்றிக்கொள்ளலாம், பென்சிலைப் பிடித்து வரையும்போது அது நடக்காது.

இது ஜூனியர் பெண்ணுக்கு மட்டும் வரும் தடுமாற்றம் அல்ல. பழைய பாணியில் 'பாதைக்குத் தெற்கு' என்று எழுதுவார்கள், புதிய பாணியில் 'வடக்கே ஊராட்சிப் பாதை' என்று எழுதுவார்கள். பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதிய பாணியில் எழுதும்போது திசையைத் திருப்பாமல் அப்படியே இறக்கிவிட்ட பத்திரங்கள் எத்தனையோ. அங்கே நிலம் காகிதத்தில் கரணம் அடித்துவிடும். புலப்படத்தில் வடக்கே இருக்கிற பாதை பத்திரத்தில் தெற்கே போய்விடும். விஸ்தீரணமும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும் என்பது சட்டம், அதனால்தான் இந்த நாலு வரியில் இவ்வளவு நேரம் செலவழிக்கிறோம். சென்ட் கணக்கை எல்லோரும் பார்க்கிறார்கள், செக்குபந்தியை யாரும் பார்ப்பதில்லை.

எண்களையும் படிக்கத்தான் வேண்டும். பட்டாவில் 0 - 40.50 என்று இருக்கும். அதை நாற்பதரை சென்ட் என்று வாசித்துவிட்டு, "பத்திரத்துல ஒரு ஏக்கர் போட்டிருக்கே, அறுபது சென்ட் எங்க போச்சு?" என்று பதறி வந்தவர்கள் உண்டு. அது ஹெக்டேரும் ஏரும். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட், 40.50 ஏர் என்றால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்தான். எங்கள் பக்கத்தில் இன்னொரு சுவாரசியம். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிற்பாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். அந்தக் காலப் பத்திரங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும், தொகை பணத்திலும் சக்கரத்திலும் இருக்கும். 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில வருடம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆவணியில் பிறக்கிற ஆண்டு அது, ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-தான் கூட்ட வேண்டும். 1120 ஆவணி என்பது 1944, அதே 1120 வைகாசி என்பது 1945. ஒருவர் இறந்தது பத்திரத்துக்கு முன்னாலா பின்னாலா என்பது இந்த ஒரு வருடத்தில் புரண்டுவிடும்.

காகிதமே தன் வயதைச் சொல்லிவிடும் இடங்களும் உண்டு. 1955 தேதியிட்ட பத்திரத்தில் நயா பைசா வந்தால் மேலே படிக்க வேண்டாம், நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. 1968 பத்திரத்தில் விலாசத்தோடு பின்கோடு இருந்தாலும் அப்படியே, பின்கோடு 1972-ல் வந்தது. முத்திரைத்தாளின் பின்பக்கம் ஸ்டாம்ப் வெண்டர் போட்ட தேதியைப் பார்க்காமல் எந்தப் பழைய பத்திரத்தையும் நான் கீழே வைப்பதில்லை. எழுதிய தேதிக்குப் பிறகு வாங்கிய தாளில் எழுத முடியுமா?

வில்லங்கச் சான்றைப் பற்றி ஒரு வார்த்தை. 'வில்லங்கம் இல்லை' என்று வந்துவிட்டால் ஜனங்கள் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிடுவார்கள். அந்தச் சான்று என்ன கேள்விக்குப் பதில் என்று யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கிராமத்தில், இந்தச் சர்வே நம்பரில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்த சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ம் புத்தகத்தில் பதிவானவை எவை என்பதுதான் கேள்வி. 214/3 என்று இருந்தது உட்பிரிவாகி 214/3பி ஆகியிருந்தால், புது நம்பரை மட்டும் கேட்டவருக்குப் பழைய அடமானம் தெரியாமல் போகலாம். உயில் பதிவானாலும் 3-ம் புத்தகத்தில் போய் உட்காரும், பதிவாகாமலும் செல்லும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, கோர்ட்டில் நடக்கிற வழக்கு, மரணம், இவை எதுவும் அந்தத் தாளில் பொதுவாக இருக்காது. எந்தச் சான்றும் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும்.

சொல்லாமல் விட்டதைப் படிப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி. பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் செங்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். விற்கிறவர்கள் அண்ணன் தம்பி இருவர். 2003-ல் பதிவான பாகப்பிரிவினை கையில் இருந்தது. 'எங்கள் தகப்பனார் வழியில் பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டது, அவர் காலமான பின் நாங்கள் இருவர் மட்டுமே வாரிசுகள்' என்று கதை. பட்டா இருவர் பெயரில். வில்லங்கச் சான்று சுத்தம். "எல்லாம் கரெக்டா இருக்குல்லா சார்?" என்று அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கட்டைப் பழசிலிருந்து புதுசுக்குத்தான் படிப்பேன். புதுப் பத்திரத்தை முதலில் படித்தால் அது முழுக் கதையையும் சொல்லி நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிடும், அப்புறம் பழையவற்றில் அந்தக் கதைக்குப் பொருந்துவது மட்டுமே கண்ணில் படும். அடியில் இருந்தது 1962 கிரயம். வாங்கியவர் தகப்பனார் இல்லை, அவருடைய பாரியாள். தகப்பனார் அதில் சாட்சியாக மட்டும் நிற்கிறார். அப்படியானால் 'தகப்பனார் வழியில் பூர்வீகம்' என்ற சொல் 2003-ல் எங்கிருந்து முளைத்தது? சொத்து யார் வழியில் வந்தது என்பதைப் பொறுத்து வாரிசு மாறும். அம்மா பெயரில் வாங்கிய சொத்து அவர் காலத்துக்குப் பின், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, மகன், மகள், கணவர் எல்லோருக்கும் சமமாகப் போகும். பூர்வீகம் என்று சொல்லிவிட்டால் மகள் பங்கு குறித்து வாதாட இடம் கிடைக்கும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கு கிடையாது என்று அந்தக் காலத்தில் பேசிக்கொள்ளலாம். 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது, ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடவில்லை. 2003-ல் அந்த வாசகத்தை எழுதியவருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பழக்கத்தில் எழுதியதாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு சொல் யாருக்குச் சாதகமாக விழுகிறது என்று பார்ப்பது படிக்கிறவன் வேலை.

மகள் ஒருத்தி இருப்பதாக எந்தக் காகிதத்திலும் இல்லை. நடுவில் 1987-ல் அந்த அம்மாள் எழுதிக்கொடுத்துப் பிறகு மீட்டுவிட்ட ஒத்திப் பத்திரம் ஒன்று கிடந்தது. கடன் தீர்ந்துபோன பத்திரம், யாரும் புரட்ட மாட்டார்கள். அம்மாள் கைநாட்டு வைத்திருக்கிறார். அடையாளம் காட்டியவர் பெயருக்கு எதிரே 'மேற்படியாரின் மருமகன்' என்று சின்னதாக எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் மருமகன் என்றால் மகளைக் கட்டியவராகவும் இருக்கலாம், நாத்தனார் மகனாகவும் இருக்கலாம். ஆகவே அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. கேள்வி கேட்கலாம். "அண்ணாச்சி, அந்த வீட்டுல பொம்பளப்பிள்ளை உண்டான்னு விசாரிச்சுட்டு வாங்க" என்றேன்.

மறுநாளே வந்தார். "ஒரு அக்கா இருக்கு சார். அம்பாசமுத்திரத்துல கட்டிக் குடுத்திருக்கு. கேட்டா, அதுக்கு நகை போட்டு சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அதுக்கு என்ன இருக்குங்காவ." நகையும் சீரும் பங்கைத் தீர்க்காது. தகப்பனார் மனைவிக்கு முன்பே காலமாகியிருந்தார், ஆக மூன்று பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு. அக்காவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தை கொஞ்ச நாள் இழுத்தது, அக்கா தன் பங்குக்கு உண்டான தொகையைக் கறாராக வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். முன்பணம் வாங்கிய தம்பிகளுக்கு என் மேல் இன்றும் கோபம்.

முரண்படும் வாக்கியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஒரே ஆவணத்தில் முன்னால் 'சர்வ சுதந்திரமாய் அடைந்துகொள்ள வேண்டியது' என்று கொடுத்துவிட்டு, பின்னால் 'விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது' என்று எழுதியிருக்கும். எதை எடுத்துக்கொள்வது? முதலில் இரண்டும் ஒத்துப்போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லவே இல்லை என்றால், பத்திரமாக இருந்தால் முன்னால் சொன்னது நிற்கும், உயிலாக இருந்தால் பின்னால் சொன்னது நிற்கும். உயிலுக்கான விதி 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 88-வது பிரிவிலேயே இருக்கிறது. கொடுத்ததை அதே மூச்சில் பிடுங்க முடியாது என்பது பத்திரத்துக்கு, சாகப்போகிறவரின் கடைசி எண்ணமே எண்ணம் என்பது உயிலுக்கு. வாசகம் ஒன்றேதான், ஆவணத்தின் ஜாதியைப் பொறுத்து அர்த்தம் எதிர்த்திசையில் போகிறது. இதை முதல்முறை கேட்டபோது ஜூனியர் பெண், "அப்போ முதல்ல இது பத்திரமா உயிலான்னு தீர்மானிக்கணும், அதுக்கு முழுசாப் படிக்கணும், முழுசாப் படிக்கும்போதே முரண்பாடு வந்துடுது. எங்கதான் ஆரம்பிக்கிறது சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு தடவை படித்தாக வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

இத்தனைக்கும் மேலே, படிக்கிறவரின் ஆசை என்று ஒன்று இருக்கிறது. வாங்குகிறவருக்குத் தோப்பு பிடித்துவிட்டது, கிணற்றில் தண்ணீரைப் பார்த்துவிட்டார். மேனேஜருக்கு மார்ச் மாதம் முடிவதற்குள் கடன் கொடுத்தாக வேண்டும். இவர்கள் இருவரும் நல்ல பதிலை எதிர்பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது படித்தால், கண் அவர்களுக்காகப் படிக்க ஆரம்பித்துவிடும். அதனால் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவேன். செல்போனில் வரும் பிடிஎப்பையும் நான் படிப்பதில்லை. பின்பக்கத்தை ஸ்கேன் எடுக்காமல் விட்டிருப்பார்கள், முத்திரைத்தாள் தேதியும் கைநாட்டும் மருமகனும் அங்கேதானே இருக்கிறார்கள்?

படித்து முடித்து நாங்கள் எழுதிக் கொடுக்கிற ஒப்பீனியனும் ஓர் எழுத்துதான், அதையும் ஒருவர் படிக்க வேண்டும். முதல் பக்கங்களில் பார்த்த ஆவணங்களின் பட்டியல், பிறகு உரிமை வந்த வழி, பிறகு இன்னும் என்னென்ன வேண்டும் என்ற கேள்விகள், கடைசியில் 'கிளியர் அண்ட் மார்க்கெட்டபிள் டைட்டில்' என்ற வரி. இதுதான் வழக்கமான வரிசை. ஒருமுறை கேள்விகளை எழுதிவிட்டு அந்தக் கடைசி வரியைப் போடாமல் அனுப்பினேன். மேனேஜர் போன் செய்தார்.

"சார், கடைசி வரியைக் காணோமே?"

"அஞ்சாவது பக்கத்துல ஒரு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்டிருக்கேன். அது வந்தாத்தான் அந்த வரி வரும்."

"அஞ்சாவது பக்கம்னு ஒண்ணு இருக்கா சார்?"

அதிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். கேள்விகளை எல்லாம் கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்துக்கு நேர் மேலே போடுகிறேன். ஜூனியர் பெண்தான் டைப் அடிக்கிறார். சில வாரமாக அவற்றைத் தடித்த எழுத்திலும் போட ஆரம்பித்திருக்கிறார்.